அம்மாவுக்கு யாருடைய வாழ்க்கையை வாசிப்பது?

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து இன்றோடு 16 நாள் ஆகிறது. பாளையங்கோட்டையில் ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடி போட வேண்டும், சொட்டு மருந்து வேளை தவறக் கூடாது, குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, புகையும் தூசியும் ஆகவே ஆகாது. கடைசியாகச் சொன்ன இந்த ஒன்றுதான் அம்மாவை முடக்கிவிட்டது. ஐம்பது வருஷமாகப் பீடி சுற்றுகிற கை அது. சுளகை மடியில் வைக்காதே, தூளைத் தொடாதே, ஒரு மாதம் சும்மா இரு என்றால் அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சேலை முந்தியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

மூன்றாம் நாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, அலமாரி நெறைய புஸ்தகம் வச்சிருக்கியே, எனக்கு ஒண்ணு வாசி. கதை வேண்டாம். நெசமா ஒருத்தர் வாழ்ந்தத வாசி."

நான் ஆலங்குளத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய புத்தகங்களில் பாதிக்கு மேல் வாழ்க்கை வரலாறுகள்தான். ஆனால் அவை நான் தனியாக, மனதுக்குள் வாசித்தவை. இன்னொருவர் காதுக்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வேறு வேலை என்று அன்று ராத்திரிதான் புரிந்தது. கேட்கிற காது அம்மாவுடையது மட்டும் இல்லை. சாயங்காலம் ஆனால் பக்கத்து வீட்டு மதினி, எதிர்வீட்டு ஆச்சி, தெருக்கோடியில் இருக்கிற சித்தி என்று நான்கைந்து பேர் சுளகோடு வந்துவிடுவார்கள். இப்போது அம்மாவுக்குத் தூசி ஆகாதென்று அவர்கள் தெரு நடையிலேயே உட்கார்ந்து இலை வெட்டுகிறார்கள். அம்மா உள்ளே பட்டாசலில், கதவுக்கு அந்தப் பக்கம். நான் தார்சாவில், இரண்டுக்கும் நடுவில். அங்கிருந்து வாசித்தால் இரு பக்கமும் கேட்கும்.

ஆக, கையில் இருந்தது ஒரு மாதம். ராத்திரிக்கு ஒரு மணி நேரம். அதற்குள் எந்த வாழ்க்கையை முடிக்க முடியும், எதை இவர்கள் கேட்பார்கள், எதை என்னால் குரல் உடையாமல் வாசிக்க முடியும் என்று யோசித்து ஐந்தாறு புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி வாசிக்க வேண்டி வரலாம். எனக்கு நேர்ந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒதுக்கியவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் கட்டுரைப் போட்டிக்குப் பரிசாக எனக்கு ஒரு பெரியோர் வரலாற்றுத் தொகுப்பு கிடைத்தது. அதில் வருகிற எல்லோரும் சிறு வயதிலேயே பொய் சொல்லாதவர்கள், தெருவிளக்கில் படித்தவர்கள், ஏழைக்கு இரங்கியவர்கள். பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்தும். அன்று அதை வாசித்துவிட்டு நான் அழுதேன். பொய் சொல்லியிருக்கிறேன், தங்கச்சியை அடித்திருக்கிறேன், அதனால் எனக்கு ஒரு வாழ்க்கையே கிடையாது என்று தோன்றிவிட்டது. அந்த மாதிரிப் புத்தகம் எதையும் இனி யாருக்கும் வாசிப்பதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உண்மைக் கதை என்றால் என்ன என்பதற்கு அம்மாவிடம் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருக்கிறது. அது வில்லுப்பாட்டு. எங்கள் பக்கத்தில் கோயில் கொடை என்றால் ராத்திரி முழுக்க வில்லடிப்பார்கள். வாழ்ந்து, வெட்டுப்பட்டு, சாமியானவர்களின் கதைகள் அவை. பாபநாசம் மலைப்பக்கத்து முத்துப்பட்டன் கதையை அம்மா எத்தனை கொடையில் கேட்டிருக்கிறாளோ, அவளுக்கே கணக்கு இல்லை. பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாட்டை மீட்கப் போன இடத்தில் உயிரை விட்டவன் பட்டன். அவன் சண்டை போடுகிற இடத்தில் ஆண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த இரண்டு பெண்களும் அழுகிற இடத்தில்தான் எங்கள் தெருப் பெண்கள் முந்தியை வாயில் பொத்திக்கொள்வார்கள். ஒருவன் செத்தான் என்றால் வீட்டில் இருந்தவள் என்ன சொன்னாள் என்பது இல்லாமல் அம்மாவுக்குக் கதை முடியாது. இதை நான் முன்கூட்டியே நினைத்திருந்தால் பல ராத்திரிகள் மிச்சமாகியிருக்கும்.

முதல் ராத்திரி சத்திய சோதனையை எடுத்தேன். தன்னைப் பற்றி மறைக்காமல் எழுதியவர் என்ற மரியாதை எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் எப்போதும் உண்டு. அத்தியாயங்களும் சிறியவை. 1925 முதல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்ததால் ஒவ்வொன்றும் ஓர் உட்காரலுக்குள் முடிந்துவிடும். சோதித்துப் பார்க்க டர்பனில் நடந்த ஒரு நிகழ்ச்சியை வாசித்தேன். வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தா ஒருவரின் மூத்திரச் சட்டியை எடுத்துப்போக கஸ்தூர்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணீரோடு எடுத்துப்போகிறார். அதைச் சந்தோஷமாகச் செய்ய வேண்டும் என்று காந்தி கோபப்படுகிறார். வாக்குவாதம் முற்றி, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசல் கதவைத் திறந்துவிடுகிறார், வெளியே தள்ளுவதற்கு. இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள், நான் எங்கே போவேன் என்று அந்த அம்மாள் கேட்கிறார்.

தெரு நடையில் கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. ஆச்சி மட்டும், "எங்க போவா பாவம், கடல் தாண்டுன ஊர்ல" என்றாள். காந்தி வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தியதையும், தன் தப்பைத் தானே எழுதி வைத்ததையும் வாசித்தேன். எனக்கு அந்த இடத்தில் எப்போதும் உடம்பு சிலிர்க்கும். பெண்டாட்டியைப் படுத்தியதைத் தானே எழுதி ஊருக்குக் காட்டுகிற புருஷனை எங்கே பார்க்க முடியும்? அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவரு எழுதிட்டாரு, சரி. அந்தம்மா எழுதலையா?" என்று கேட்டாள்.

எழுதவில்லை என்றேன். "அப்பம் வேற எடு" என்றாள்.

இரண்டாம் ராத்திரி நம் சீமைக்காரரையே எடுப்போம் என்று வ.உ.சி.யின் சுயசரிதையை வைத்துக்கொண்டேன். 1872இல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்து, வெள்ளைக்காரன் கம்பெனியை எதிர்த்துத் தூத்துக்குடியில் கப்பல் விட்டவர். 1908 மார்ச் 12 அன்று அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்து எழுந்து, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்துப்போனார்கள். இரட்டை ஆயுள் தண்டனை விழுந்தது. பின்னால் அது குறைக்கப்பட்டாலும் கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்தார். இவ்வளவும் அம்மாவுக்குத் தெரியும். தெரியாதது, அவர் தன் கதையைச் செய்யுளில், அகவலாகவே எழுதி வைத்தார் என்பது. அவர் 1936இல் காலமானார். பத்து வருஷம் கழித்து 1946இல்தான் அது புத்தகமானது.

அகவல் காதுக்கு நன்றாக இருக்கிறது. நடையில் இருந்தவர்கள் தாளத்துக்குத் தலையாட்டினார்கள். ஆனால் நாலு வரிக்கு ஒரு தரம் நிறுத்தி அர்த்தம் சொல்ல வேண்டியிருந்தது. வாசிப்பது நான், கேட்பது அவர்கள் என்பது மாறி, நான் வாத்தியார் ஆகிவிட்டேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஓர் இடம் மட்டும் எல்லோரையும் நிறுத்தியது. கண் தெரியாத இராமையா தேசிகரை வ.உ.சி. தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். அவருடைய சாதியைச் சொல்லி உறவினர்கள் எதிர்த்தார்கள். வ.உ.சி.யின் மனைவி வள்ளியம்மை அந்த எதிர்ப்புக்கு அஞ்சவில்லை, தன் கையாலேயே பரிமாறினார். கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்த அம்மா, "கண்ணு தெரியாதவனுக்குச் சோறு போடுததுல சாதி எங்கன வருது" என்றாள். வள்ளியம்மையைப் பற்றி மேலே கேட்டாள். அவர் இளம் வயதிலேயே இறந்துவிட்டார், கதை கப்பலுக்கும் கோர்ட்டுக்கும் போய்விடுகிறது என்று சொன்னேன்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, அதுவும் சத்தம் போட்டுப் படிக்கிற வயசுப் பிள்ளைகளுக்கு, இந்தப் புத்தகத்தைக் கட்டாயம் கொடுப்பேன். சிறுவயதில் அவர் ஆடிய விளையாட்டுகளை அவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறார். பரிசுப் புத்தகத்துப் பெரியோர்களைப் போல அவர் பிறக்கும்போதே பெரியவர் இல்லை. ஏழாம் வகுப்பில் எனக்கு இது கிடைத்திருக்க வேண்டும்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிரியமானது. உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரம். 1940இலிருந்து ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்து, 1942இல் அவர் காலமானதும் நின்றுபோன புத்தகம். மொத்தம் 122 அத்தியாயங்கள். என் பத்தொன்பதாம் வயதில் முதல் தடவை வாசித்தபோது கடைசிப் பக்கத்தைத் திருப்பிவிட்டு மேலே பக்கம் விடுபட்டிருக்கிறதோ என்று அட்டையைத் தட்டிப் பார்த்தேன். கதை முடியவில்லை, மனிதர் முடிந்துவிட்டார். அந்த நிறுத்தம் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது. மற்ற வரலாறுகளில் சாவு ஓர் அத்தியாயமாக வரும், அதற்கு ஒரு தலைப்பும் இருக்கும். இதில் வாக்கியங்கள் வருவது நின்றுபோகிறது.

இதில் நம் ஊரும் வருகிறது. பத்துப்பாட்டுக்கு ஏடு தேடி அவர் திருநெல்வேலிக்கு வருகிறார். கவிராஜர் வீட்டில் ஏடுகளை அடுக்கிக் காத்து வந்த ஒழுங்கைப் பார்த்து மலைத்துப்போகிறார். ஆழ்வார்திருநகரியில் கவிராயர்கள் வீடுகளில் தேடுகிறார், தேடியது கிடைக்கவில்லை. மனம் உடைந்து நம்மாழ்வாரிடமே முறையிடுகிறார். அப்புறம் லட்சுமண கவிராயர் கையில் ஏட்டோடு வந்து நிற்கிறார். இந்தப் பகுதியை வாசித்தபோது மதினி சுளகைக் கீழே வைத்துவிட்டு, "கிட்டிட்டா?" என்று கேட்டாள். தொலைந்துபோன பீடிக் கார்டு கிடைத்த மாதிரி ஒரு நிம்மதி அவள் முகத்தில். புத்தகத்தின் பலமே அதுதான். தமிழ் ஏடு என்றால் என்னவென்று தெரியாதவளையும் அந்த ஏட்டுக்காகப் பதற வைத்துவிடுகிறார். வாரப் பத்திரிகைக்கு எழுதியதால் ஒவ்வொரு அத்தியாயமும் நாளைக்கு என்ன என்று கேட்க வைத்து முடியும். ராத்திரி வாசிப்புக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. சாப்பாடு வருகிறது, நடை வருகிறது, கடன் வருகிறது, ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மேல் அவர் வைத்த அன்பு ஒவ்வொரு பக்கத்திலும் வருகிறது. அந்த ஆசிரியர் 1876இல் இறக்கிற இடத்தை நான் இதுவரை மூன்று தடவை வாசித்திருக்கிறேன், மூன்று தடவையும் புத்தகத்தை மூடிவிட்டுத்தான் தொடர முடிந்தது.

ஆனால் கணக்கு இடித்தது. ராத்திரிக்கு ஓர் அத்தியாயம் என்றாலும் நான்கு மாதம். இரண்டிரண்டாக வாசித்தால் இரண்டு மாதம். அம்மாவுக்கு ஒரு மாதத்தில் கண்ணாடி மாற்றிவிடுவார்கள், உடனே சுளகைத் தூக்கிவிடுவாள். அதற்கு மேல் ஒரு குறையும் எனக்கே உறுத்தியது. இவ்வளவு பெரிய புத்தகத்தில் அவருடைய அம்மாவும் மனைவியும் ஓரமாகத்தான் நிற்கிறார்கள். ஏடு தேடி அவர் மாதக்கணக்கில் அலைந்தபோது வீட்டில் அரிசி எப்படி வந்தது, யார் அடுப்பைப் பார்த்தார்கள்? அதை அவர் சொல்லாததில் கள்ளம் எதுவும் இல்லை. அவர் காலத்துக்கு அது சொல்ல வேண்டியதாகத் தோன்றவில்லை. இருந்தும், அம்மா கேட்கப் போகிற கேள்வி எனக்கு முன்கூட்டியே கேட்டுவிட்டது. இந்த முறை அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நானே, "இத மழைக்காலத்துக்கு வச்சுக்கிடுவோம்மா" என்றேன்.

புதுமைப்பித்தனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி மேசையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று, அவர் இறந்து மூன்று வருஷத்தில், 1951இல், நண்பர் ரகுநாதன் எழுதிய வரலாறு. எழுதியவரும் திருநெல்வேலிக்காரர். மற்றொன்று, புதுமைப்பித்தன் தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள். ஒரே ஆளை நண்பர் கண்ணால் பார்ப்பதற்கும் கடிதத்தில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. வரலாற்றில் அவர் கம்பீரமாக நடக்கிறார், சண்டை போடுகிறார், எல்லோரையும் கலாய்க்கிறார். கடிதத்தில் வருகிறவர் பணம் அனுப்பிவிடுவேன் கவலைப்படாதே என்று திரும்பத் திரும்ப எழுதுகிற ஒரு புருஷன். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் வாசித்தவர்களிடம் அடுத்ததையும் வாசியுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

ஆனால் இவை இரண்டையும் நான் அம்மாவிடம் எடுத்துக்கொண்டே போகவில்லை. புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்று, 42 வயதில், காசநோயில் திருவனந்தபுரத்தில் இறந்தார். என் அப்பாவும் அதே நோயில்தான் போனார். நான் ஒன்பதாம் வகுப்பு, அம்மாவுக்கு 36 வயது. அப்பாவுக்கு இருமல் வரும்போது பின்வாசலுக்குப் போய்விடுவார், நாங்கள் பார்க்கக் கூடாதென்று. ரகுநாதன் எழுதியதில் கடைசிப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பின்வாசல்தான் தெரியும். தனியாக வாசித்துவிட்டேன். சத்தம் போட்டு வாசிக்க என்னால் முடியாது. நல்ல புத்தகம் என்பதும், இந்த வீட்டில் இப்போது வாசிக்கத் தகுந்த புத்தகம் என்பதும் வேறு வேறு. நோயாளிக்கு வாசிக்கிறவர்கள் கடைசி அத்தியாயத்தைத் தாங்கள் முதலில் வாசித்துவிட்டு வரட்டும்.

அடுத்த ராத்திரி கருக்கு. 1992இல் வந்தது. பாமா தன் வாழ்க்கையைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதிய புத்தகம். தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, அதைவிட்டு வெளியே வந்தவர். வாசிக்க ஆரம்பித்த உடனே அம்மா, "இது நம்ம பேச்சுல்லா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்த வார்த்தைக்கும் நான் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த விஷயத்தில் மற்ற எந்தப் புத்தகமும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. தன் கதையைத் தானே சொல்கிற பெண் என்பதால் அம்மாவின் கேள்விக்கும் இதில் இடமில்லை.

வயதான ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டியிருக்கிற நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற இடம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. நடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். தொட்டால் முதலாளிக்குத் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்கினார் என்று அவளுடைய அண்ணன் சொல்லும்போது சிறுமிக்கு நெஞ்சு கொதிக்கிறது. எங்கள் நடையில் யாரும் பேசவில்லை. தூளை அள்ளிய கைகள் அப்படியே நின்றன. அம்மாதான் கடைசியில், "எங்க அய்யா வேலைக்குப் போன வீட்லயும் செரட்டையிலதான் தண்ணி குடுப்பாவ" என்றாள். எனக்கு நாற்பது வயதாகிறது. இந்த விஷயத்தை அம்மா வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். ஒரு வாழ்க்கை வரலாறு இதைவிட வேறென்ன செய்ய வேண்டும்?

மறுநாள் ஒருவர் வரவில்லை. வேறு தெருவிலிருந்து வருகிறவர். தலைவலி என்று சொல்லியனுப்பினார். நான் ரொம்ப நேரம் யோசித்தேன். அவரை விட்டுவிட்டு வாசித்து முடித்துவிடலாம். ஆனால் அவரும் கேட்க வேண்டிய புத்தகம் அது. அவர் காதுக்கும் எட்டும்படி, ஒரு நாளும் விடாமல் முழுதாக வாசிக்க வேண்டும். அதற்கு அவர் முதலில் நடைக்குத் திரும்பி வர வேண்டும். அதனால் கருக்கைப் பாதியில் விடவில்லை, தள்ளி வைத்தேன். இந்த முடிவு சரியா என்று எனக்குள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைசியில் எடுத்தது எல்லாவற்றிலும் ஒல்லியான புத்தகம். செல்லம்மா பாரதி சொல்ல, மகள் தங்கம்மாள் எழுதி, 1941இல் வந்த பாரதியார் சரித்திரம். இதை நான் முதலில் நினைக்கவே இல்லை. பாரதியைப் பற்றி இதைவிடத் தகவல் நிறைந்த புத்தகங்கள் வேறு இருக்கின்றன. அவர் 1910இலேயே தன் இளமையைக் கனவு என்று பாட்டாகவும் எழுதியிருக்கிறார். தகப்பனார் பணத்தை இழந்ததும், திருநெல்வேலிக்கு அனுப்பிப் படிக்க வைத்த ஆங்கிலப் படிப்பால் தனக்கு நன்மை இல்லை என்ற ஆற்றாமையும் அதில் அவர் குரலிலேயே உண்டு. தகவலும் தேதியும் தேடுகிறவர்கள் செல்லம்மாவின் புத்தகத்தோடு நிறுத்தக் கூடாது. நிறைய இடங்களில் தாவுகிறது, சில வருஷங்கள் சட்டென்று ஓடிவிடுகின்றன. கணவர் மேல் அவருக்கு இருந்த பக்தியில் கோபம் பல இடங்களில் பாதியிலேயே அமுங்கிவிடுகிறது. அந்த அமுங்கின இடங்களில் எனக்கு அவர் மேல் பாசம் அதிகமாகிறது என்பது வேறு விஷயம்.

செல்லம்மா கடையத்துக்காரர். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். இப்போது தென்காசி மாவட்டம் என்று பலகை மாறிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் திருநெல்வேலிச் சீமைதான். 1897இல் கல்யாணம் ஆனபோது செல்லம்மாவுக்கு ஏழு வயது, மாப்பிள்ளைக்குப் பதினான்கு. 1908இல் பாரதி புதுச்சேரிக்குத் தப்பிப் போகிறார். அந்த வருஷம்தான் இரண்டாவது மகள் சகுந்தலா பிறக்கிறாள். 1918 கடைசியில் திரும்பி வந்து, கைதாகி, விடுதலையாகி, கடையத்தில் மாமனார் ஊரில் சுமார் இரண்டு வருஷம் இருக்கிறார். 1921இல் அவர் போய்விடுகிறார். அப்போது செல்லம்மாவுக்கு 31 வயது.

வாசித்த முதல் ராத்திரியே அம்மா கேட்பதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டாள். சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதை எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதைக் கவிஞரின் கருணை என்று படித்தோம். பட்டாசலில் இருந்து அம்மா, "அன்னைக்கு உலையில என்ன போட்டா?" என்று கேட்டாள். நடையில் ஆச்சி, "கடன் வாங்கித்தான் போட்டிருப்பா" என்றாள். சித்தி, "புள்ளையளுக்கு என்ன சொல்லி உறங்க வச்சாளோ" என்றாள். பாரதியை யாரும் திட்டவில்லை. அவர் பாட்டு அவர்களுக்கும் தெரியும், எல்லோருக்கும் அவர் மேல் பிரியம்தான். அந்த உலைக்குப் பக்கத்தில் நின்றவள் இப்போது பேசுகிறாள் என்பதுதான் அவர்களைப் பிடித்து உட்கார வைத்தது. 1951இல் திருச்சி வானொலியில் என் கணவர் என்ற தலைப்பில் அவர் பேசிய பேச்சும் என்னிடம் இருந்தது. கவிஞருக்கு மனைவியாக இருப்பது எவ்வளவு சிரமம் என்று அதில் மனம் திறந்து சொல்கிறார். அதையும் சேர்த்து வாசித்தேன். பொம்மக்காவும் திம்மக்காவும் அழுதுவிட்டு நிற்காமல், உட்கார்ந்து நடந்ததைச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

அம்மாவைப் பிடித்துக்கொண்டது இன்னொன்று. கணவர் போன மறு வருஷமே செல்லம்மா, பாரதி ஆச்ரமம் என்று பெயர் வைத்து அவர் பாட்டுகளைத் தாமே புத்தகமாகப் போட்டார். "31 வயசுல ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம், அப்பா போன மறு மாசம் பீடிக்கடையில் கார்டைத் தன் பெயருக்கு மாற்றப் போனதையும், அங்கே என்ன நடந்தது என்பதையும் எனக்குச் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன், அது அம்மாவுடையது. ஆனால் அன்றைக்கு ராத்திரி மணி பதினொன்று ஆகியும் யாரும் எழுந்து போகவில்லை.

ஆக, நான் போட்டிருக்கிற வரிசை இதுதான். இந்த மாதம் செல்லம்மா. மாதம் முடிந்து எல்லோரும் திரும்ப நடைக்கு வந்த பிறகு கருக்கு, முதல் பக்கத்திலிருந்து. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் என் சரித்திரம். அப்போது பீடி இலை காயாது, வேலை மந்தமாக இருக்கும், 122 ராத்திரிக்குப் பயப்பட வேண்டாம். வ.உ.சி.யின் அகவலைத் தங்கச்சி மகனுக்குக் கொடுத்துவிட்டேன், எட்டாம் வகுப்பு, குரல் நன்றாக இருக்கிறது. சத்திய சோதனையை அம்மாவுக்கு இனி வாசிக்கப் போவதில்லை. ஆனால் கல்யாணமாகிற ஆண்பிள்ளை யாராவது என்னிடம் புத்தகம் கேட்டால் அந்த டர்பன் பக்கத்தில் நூல் வைத்துக் கொடுப்பேன். புதுமைப்பித்தனின் இரண்டு புத்தகங்களும் என் தலைமாட்டில் இருக்கின்றன.

தலைவலி என்று நின்றவர் நேற்று வந்துவிட்டார். சுளகை வைத்துக்கொண்டு, செல்லம்மா கதையில் எதுவரை ஆயிற்று என்று மதினியிடம் கேட்டார். மதினி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். டாக்டர் சரியென்றால் திரும்பும்போது கடையத்தில் இறங்கிவிட்டு வரலாம் என்றேன். அங்கே பாரதிக்கும் செல்லம்மாவுக்கும் சேர்ந்து சிலை வைத்திருக்கிறார்கள். அம்மா கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, "புதுக் கண்ணு வரட்டும், அவ மொகத்த நல்லாப் பாக்கணும்" என்றாள்.